இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேன் கேபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் புது லேப்டாப் வந்துவிட்டது. ஹாலில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் பத்து வருஷத்து போட்டோ, கல்யாண வீடியோ, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் சேர்த்து 400 ஜி.பி. கிடக்கிறது. அதை இங்கே கொண்டுவர வேண்டும், அதிகச் செலவில்லாமல். சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேபிள் வேலை ஐந்து நிமிஷம்தான். விண்டோஸைச் சம்மதிக்க வைக்கத்தான் நேரம் பிடிக்கும். அதனால் அந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் நீளம்.

ரூட்டர், ஸ்விட்ச் (பல கம்ப்யூட்டர்களை லேன் கேபிளில் இணைக்கும் பெட்டி) எதுவும் இல்லாமல், வெறும் கேபிளிலேயே நடக்குமா?

நடக்கும். ஒரு முனையை இதில் குத்துங்கள், மறு முனையை அதில் குத்துங்கள். இரண்டு லேன் போர்ட்டிலும் விளக்கு எரிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்டர்நெட் இணைப்பே இல்லாத வீட்டிலும் இது வேலை செய்யும்.

பென் டிரைவ் இருக்கும்போது இது எதற்கு?

பத்து போட்டோ என்றால் பென் டிரைவே போதும், எதற்குக் கேபிள்? 400 ஜி.பி. என்றால் 64 ஜி.பி. பென் டிரைவை வைத்துக்கொண்டு ஏழு முறை நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏற்ற ஒரு நேரம், இறக்க ஒரு நேரம். போதாக்குறைக்கு, பல பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன. அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ அங்கேயே மாட்டிக்கொள்ளும். வெளி ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், தப்பில்லை. இதற்காகவே புதிதாக ஒன்று வாங்கத் தேவையில்லை என்பதுதான் நான் சொல்வது.

வை-ஃபையிலும் அனுப்பலாம்தான். ஆனால் பழைய டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் வை-ஃபையே இருக்காது.

எந்தக் கேபிள் வாங்குவது?

முதலில் ரூட்டர் வந்த அட்டைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சின்னதாக ஒரு லேன் கேபிள் சுற்றியபடியே கிடக்கும். அதுவே போதும், செலவு பூஜ்யம்.

வாங்குவதானால் கேட் 5இ அல்லது கேட் 6, இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டே வரும் ரெடிமேட் பேட்ச் கார்டு. இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்கு ஓரிரு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கேட் 7, கேட் 8 என்று காட்டினால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வீட்டு வேலைக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. இந்த வகைக் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம் என்பது கணக்கு, ஆகவே ஹாலிலிருந்து படுக்கையறைக்கு என்பதெல்லாம் ஒரு தூரமே இல்லை.

மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கேபிளை வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். மலிவு ரகங்களில் கம்பி முழுச் செம்பாக இருக்காது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். உறை மேல் 'சி.சி.ஏ.' என்று அச்சிட்டிருந்தால் அதுதான். சில மீட்டருக்கு ஓடிவிடும். சில முறை மடக்கி நிமிர்த்தினால் உள்ளே முறிந்துவிடலாம், வெளியே ஒன்றும் தெரியாது.

கடைக்காரர் 'கிராஸ் கேபிள்தான் வேண்டும்' என்கிறாரே?

அவர் சொல்வது ஒரு காலத்தில் சரி. லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. பழைய 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்) நெட்வொர்க் கார்டுகள் அதில் இரண்டு ஜோடியை மட்டுமே பயன்படுத்தும்: 1, 2 எண் கம்பிகளில் பேசும், 3, 6 எண் கம்பிகளில் கேட்கும். இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைத்தால் இரண்டும் ஒரே கம்பியில் பேசி, ஒரே கம்பியில் காதை வைத்துக்கொண்டு நிற்கும். ஸ்விட்ச் இருந்தால் அது உள்ளேயே மாற்றிக் கொடுத்துவிடும். ஸ்விட்ச் இல்லாத இடத்தில் அந்த மாற்றத்தைக் கேபிளிலேயே செய்ததுதான் கிராஸ் கேபிள். ஒரு முனையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். மறு முனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறியிருக்கும்.

இன்றைய கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) போர்ட்டுகள் எதிர்முனை எப்படி இருக்கிறது என்று தாமே பார்த்து, உள்ளுக்குள் மாற்றிக்கொள்கின்றன. இரண்டில் ஒன்றுக்கு அந்தத் திறமை இருந்தாலே போதும். ஆகவே சாதாரண நேர் கேபிளே வேலை செய்யும். இரண்டுமே பதினைந்து, இருபது வருஷத்துக்கு முந்தைய பெட்டிகளாக இருந்து, குத்தியும் விளக்கு எரியவில்லை என்றால் மட்டும் கிராஸைத் தேடுங்கள்.

என் லேப்டாப்பில் லேன் போர்ட்டே இல்லை!

ஒல்லியான லேப்டாப்புகள் பலவற்றில் இல்லை. யூ.எஸ்.பி.-லேன் அடாப்டர் ஒன்று வாங்க வேண்டும். இந்த வேலையில் உண்மையான செலவு இது ஒன்றுதான். வாங்கும்போது இரண்டு வார்த்தை பாருங்கள்: 'கிகாபிட்' என்றும் 'யூ.எஸ்.பி. 3.0' என்றும் இருக்க வேண்டும். விலை குறைந்த யூ.எஸ்.பி. 2.0 அடாப்டர்கள் பல 100 எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றுவிடும். வேகக் கணக்கைக் கீழே பார்த்தால் அது ஏன் வலிக்கும் என்று புரியும்.

யூ.எஸ்.பி. கேபிளையே இரண்டு பக்கமும் குத்திவிட்டால் என்ன?

வேண்டாம். இரண்டு முனையும் தட்டையான, பழைய வகை யூ.எஸ்.பி.யாக இருக்கும் கேபிள் கடையில் கிடைக்கிறது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் இந்த யோசனை வரும். ஆனால் கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. போர்ட் 5 வோல்ட் கொடுக்கும் இடம். இரண்டு கொடுப்பவர்களை முட்டவிட்டால் தகவல் போகாது, போர்ட் போகலாம். யூ.எஸ்.பி.யில் ஒரு பக்கம் எஜமான், மறு பக்கம் சேவகன். இரண்டு எஜமானர்களுக்கு அங்கே பேச்சுவார்த்தையே இல்லை. நடுவில் சின்னப் பெட்டி போல வீங்கிய 'டேட்டா டிரான்ஸ்ஃபர் கேபிள்' என்று தனியாக ஒன்று உண்டு, அந்த வீக்கத்துக்குள் ஒரு சிப் இருந்து நடுவர் வேலை பார்க்கும். அது பாதுகாப்பானதுதான், ஆனால் அந்தக் காசுக்கு லேன் அடாப்டரே வாங்கிவிடலாம். அடாப்டர் நாளைக்கும் உதவும்.

இரண்டு லேப்டாப்பிலும் தண்டர்போல்ட் போர்ட் இருந்தால் கதை வேறு: தண்டர்போல்ட் கேபிளை நேராகக் குத்தினால் அதுவே ஒரு நெட்வொர்க்காக எழுந்து நிற்கும். ஆனால் அந்தக் கேபிள் மலிவில்லை.

லேன் கேபிளில் அப்படி ஷாக், சேதம் எதுவும் வராதா?

லேன் போர்ட்டுக்குள் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. சிக்னல் மட்டும்தான் காந்தப் புலமாகத் தாண்டிப் போகும். சாதாரண கேபிள் வழியே ஒரு கம்ப்யூட்டரின் மின்சாரம் மற்றதுக்குள் நேராக நுழைவதில்லை. எர்த் சரியில்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்குமே, அது வேறு விவகாரம். அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: மொட்டை மாடி வழியாகவோ பக்கத்து வீட்டுக்கோ வெளியே கேபிள் இழுக்காதீர்கள். வெயிலில் உறை வெடித்துவிடும். இடி இறங்கினால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் காப்பாற்றாது.

குத்தியாயிற்று. இப்போது என்ன?

முதல் காரியம், கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். ரூட்டர் இல்லாததால் இரண்டுக்கும் ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ள எண்) கொடுக்க ஆள் இல்லை. ஒரு நிமிஷம் தேடிப் பார்த்துவிட்டு, இரண்டும் தாங்களே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்ததும் ஏதோ கோளாறு என்று பயப்படுகிறார்கள். கோளாறில்லை, அதிலேயே வேலை நடக்கும். ஆனால் அடுத்த முறை குத்தும்போது எண் மாறிவிடலாம் என்பதால் நான் கையால் போட்டுவிடுவேன்.

கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், அங்கே 'சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்'. ஈதர்நெட் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4'. பழையதுக்கு 192.168.10.1, புதியதுக்கு 192.168.10.2. சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0. கேட்வே (வெளியுலகத்துக்குப் போகும் வாசல்), டி.என்.எஸ். (இணையதளப் பெயருக்கு எண் தேடித் தருவது) இரண்டையும் காலியாக விடுங்கள். காலியாக விட மனசு வராமல் எதையாவது நிரப்புவதால்தான் பின்னால் வரும் இன்டர்நெட் தொல்லை.

உங்கள் வீட்டு ரூட்டர் எந்த வரிசையில் முகவரி கொடுக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்று இருக்கும். கேபிளுக்கு அதே வரிசையைக் கொடுத்தால், எந்த வழியே போவது என்று கம்ப்யூட்டர் குழம்பும். நான் 10 வைத்தது அதற்காகத்தான்.

பிங் போகவில்லையே?

பிங் என்பது எதிர்முனையை 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பார்ப்பது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பிங் கட்டளையோடு எதிர்முனையின் எண்ணைக் கொடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் பதில் வரவில்லை என்றதும் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். விளக்கு எரிகிறது என்றால் கேபிள் இருக்கிறது. தடுப்பது ஃபயர்வால், அதாவது நெட்வொர்க் வழியே வருபவர்களை மறிக்கும் விண்டோஸின் காவல்.

ரூட்டர் இல்லாத இணைப்பை விண்டோஸ் 'அன்ஐடென்டிஃபைட் நெட்வொர்க்' என்று பெயரிட்டு, 'பப்ளிக்' வகையில் தள்ளிவிடும். ரயில் நிலைய வை-ஃபையில் உட்கார்ந்திருப்பதாக அதற்கு நினைப்பு, கதவை மூடிக்கொள்ளும். செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்துக்குப் போய் அதை 'பிரைவேட்' ஆக்குங்கள், இரண்டு பக்கமும். மாற்றும் வசதி அங்கே தெரியவில்லை என்றால், 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' பக்கத்தில் பப்ளிக் பகுதியிலேயே ஃபைல் ஷேரிங்கை வேலை முடியும்வரை ஆன் செய்துகொள்ளலாம். அந்த நேரத்தில் வை-ஃபையை அணைத்துவிடுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். அணைத்தவர்கள் திரும்ப ஆன் செய்ததாக நான் பார்த்ததில்லை.

ஃபோல்டரை ஷேர் செய்தேன். திறந்தால் 'அனுமதி இல்லை' என்கிறது.

விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு பூட்டு. நெட்வொர்க் வழியே வருபவருக்கு ஒன்று, டிஸ்க்கில் அந்த ஃபோல்டருக்கே உரியது ஒன்று. இரண்டும் திறந்திருந்தால்தான் உள்ளே போக முடியும். ப்ராப்பர்டீஸில் ஷேரிங் பகுதியில் இரண்டு பட்டன் இருக்கும். 'அட்வான்ஸ்டு ஷேரிங்' முதல் பூட்டை மட்டும் திறக்கும். வெறும் 'ஷேர்' பட்டன் இரண்டையும் சேர்த்துத் திறக்கும். பெயரில் 'அட்வான்ஸ்டு' இருப்பதால் அதைத் தேடிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் 'ஷேர்' பட்டனையே அழுத்துங்கள், பயனர் பெயரைச் சேர்த்து, 'ரீட்' அனுமதி கொடுங்கள். நகலெடுக்க அது போதும்.

பிறகு புது லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.10.1 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 'நெட்வொர்க்' படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே பெயர் தானாகத் தோன்றும் என்று காத்திருக்க வேண்டாம்.

பாஸ்வேர்டு கேட்கிறது. எந்தப் பாஸ்வேர்டு? எதைப் போட்டாலும் தவறு என்கிறது.

அதிகம் பேர் கைவிடும் இடம் இதுதான். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காபியில் தொடங்கி மதியச் சாப்பாடு வரைக்கும் இதில் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் லேப்டாப்பைத் திறக்கும் நான்கு எண்ணையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். கேபிளைக் கூட மாற்றிப் பார்த்துவிட்டேன்.

முதல் விஷயம், அது கேட்பது ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் லேப்டாப்புடையது அல்ல. இரண்டாவது, பின் எண், கைரேகை, முகம் எதுவும் இங்கே செல்லாது. பின் என்பது அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே செல்லுபடியாகும் சாவி. மூன்றாவது, பழைய டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டே வைத்திருக்கவில்லை என்றால், அதன் எதிரில் உட்கார்ந்து நுழையலாமே தவிர நெட்வொர்க் வழியே நுழைய விண்டோஸ் விடாது. வெறும் என்டர் தட்டிப் பயனில்லை.

'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்கை ஆஃப் செய்யுங்கள்' என்று பழைய குறிப்புகள் எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு காலத்தில் பலித்தது. இப்போது பெயர் சொல்லாமல் வரும் விருந்தாளிகளைப் புது விண்டோஸ்கள் வாசலிலேயே நிறுத்துகின்றன. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு ப்ரோ ரகத்திலும் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

என் வழி இது: பழைய டெஸ்க்டாப்பில் ஒரு லோக்கல் பயனர் கணக்கைப் புதிதாகத் திறங்கள். ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு பெயர், சாதாரணமாக ஒரு பாஸ்வேர்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கு, ஈமெயில் எதுவும் வேண்டாம். ஃபோல்டரை அந்தப் பயனருக்கு ஷேர் செய்யுங்கள். லேப்டாப் கேட்கும்போது அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நான் செய்தது இதைத்தான்.

எவ்வளவு நேரம் ஆகும்?

கிகாபிட் இணைப்பில் காகிதக் கணக்கு நொடிக்கு 125 எம்.பி., கைக்கு வருவது 110 எம்.பி. சுமார். 400 ஜி.பி.க்கு ஒரு மணி நேரம். பழைய டெஸ்க்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதன் வேகமே அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஒன்றரை, இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் நொடிக்கு 11 எம்.பி.தான், அதாவது பத்து மணி நேரம். இரவு போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதுதான். தூங்கப் போகும் முன் இரண்டிலும் 'ஸ்லீப்' ஆகாதபடி மாற்றி வையுங்கள். இல்லையென்றால் உங்களுக்கு முன்னால் அவை தூங்கிவிடும்.

ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் எப்போதும் மெதுவாகவே போகும். ஒவ்வொரு ஃபைலுக்கும் திறப்பது, மூடுவது என்ற சடங்கு உண்டு. அப்படிப்பட்ட ஃபோல்டர்களை ஒரு ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்புங்கள்.

இரண்டும் கிகாபிட்தான், ஆனாலும் 100 என்று காட்டுகிறது.

இப்போது கேபிளைச் சந்தேகப்படலாம். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். 4, 5, 7, 8 எண் கம்பிகளில் ஒன்று முறிந்திருந்தாலும், இணைப்பு அறுந்து போகாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். வேறு கேபிளைக் குத்திப் பாருங்கள்.

கேபிள் குத்தியதும் வை-ஃபையில் இன்டர்நெட் போய்விட்டது.

கேட்வே கட்டத்தில் எதையோ நிரப்பியிருக்கிறீர்கள். கேபிள் வழியாகவும் வெளியுலகத்துக்குப் பாதை உண்டு என்று கம்ப்யூட்டர் நம்பி, வேகமான அந்த வழியிலேயே முட்டிக்கொண்டிருக்கிறது. அழித்துவிடுங்கள், வந்துவிடும்.

லேப்டாப்புக்கு வரும் வை-ஃபை இன்டர்நெட்டை இதே கேபிளில் டெஸ்க்டாப்புக்கும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். லேப்டாப்பில் வை-ஃபை அடாப்டரின் ப்ராப்பர்டீஸில் ஷேரிங் பகுதிக்குப் போய், மற்றவர்கள் இந்த இணைப்பைப் பயன்படுத்த அனுமதி என்ற டிக்கைப் போடுங்கள். லேப்டாப்பின் லேன் போர்ட் தானாகவே 192.168.137.1 ஆகிவிடும், டெஸ்க்டாப்பை 'ஆட்டோமேட்டிக்' நிலையில் விட்டால் முகவரியை இதுவே கொடுக்கும். வை-ஃபை இல்லாத டெஸ்க்டாப்புக்கு இது நல்ல வரப்பிரசாதம்.

பழையது விண்டோஸ் எக்ஸ்.பி.

ஃபைல் ஷேரிங்கில் விண்டோஸ் பேசும் மொழி எஸ்.எம்.பி.; எக்ஸ்.பி. பேசுவது அதன் முதல் பதிப்பை மட்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகமெங்கும் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகள் வரை முடக்கியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டு இறுதியிலிருந்தே புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10-இல் அது பெரும்பாலும் வருவதில்லை. திரும்ப உயிர் கொடுக்க வழி இருக்கிறது, நான் செய்ய மாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எக்ஸ்.பி. பெட்டியை அதிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது தொடங்க வையுங்கள். டிஸ்க்கில் எதையும் நிறுவ வேண்டாம். அங்கிருந்து புது லேப்டாப்பின் ஷேர் ஃபோல்டருக்குள் ஃபைல்களைத் தள்ளிவிடலாம். இந்தத் திசையில் போகும்போது 'ரீட்' போதாது, எழுதும் அனுமதியும் வேண்டும். இயந்திரம் மிகப் பழையது என்றால் டிஸ்க்கைக் கழற்றி யூ.எஸ்.பி. கேஸில் போட்டுவிடுவது இதைவிட எளிது.

ஒன்று மேக், ஒன்று விண்டோஸ் என்றால்?

கேபிள் அதேதான், எண்களும் அதேதான். மேக்கில் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்து, 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் விண்டோஸ் பயனருக்கான டிக்கையும் போட வேண்டும். அந்த இரண்டாவது டிக்கைத்தான் மறக்கிறார்கள்.

மூன்றாவது கம்ப்யூட்டரும் இருக்கிறது.

அப்படியானால் ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். அல்லது வீட்டு ரூட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே காலி லேன் போர்ட்டுகள் இருக்கும்.

அந்தக் காலத்தில் பிரின்டர் கேபிளில் இணைத்ததாக அப்பா சொல்கிறார். உண்மையா?

உண்மை. பிரின்டர் போர்ட்டில் குத்தும் தனிக் கேபிள் ஒன்றும், சீரியல் போர்ட்டில் குத்தும் 'நல் மோடம்' கேபிள் ஒன்றும் இருந்தன. விண்டோஸ் 95-லேயே 'டைரக்ட் கேபிள் கனெக்‌ஷன்' என்று அதற்கொரு வசதி வந்தது. சீரியல் போர்ட்டின் வழக்கமான உச்ச வேகம் நொடிக்கு 1,15,200 பிட், அதாவது சுமார் 11 கே.பி. ஒரு எம்.பி.3 பாட்டுக்கு ஆறு நிமிஷம். நம் 400 ஜி.பி.யை அதில் அனுப்பியிருந்தால் ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியிருக்கும். அப்பாவிடம் அதைச் சொல்லாதீர்கள். அன்றைக்கு ஃப்ளாப்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தவருக்கு அது சொர்க்கம்.

எல்லாம் வந்துவிட்டது. கேபிளைப் பிடுங்கிவிடலாமா?

பிடுங்கும் முன் இரண்டு பக்கத்து ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸையும் திறந்து, ஃபைல் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடுங்கள். நாலைந்து வீடியோவை ஓட்டிப் பாருங்கள். பழையதில் இருப்பதை அன்றைக்கே அழிக்காதீர்கள், ஒரு மாதமாவது கிடக்கட்டும்.

பிறகு ஷேரை நீக்கி, புதிதாகத் திறந்த அந்தப் பயனர் கணக்கையும் நீக்குங்கள். ஐ.பி.யை மறுபடியும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். இதை மறந்தால் ஆறு மாதம் கழித்து அதே போர்ட்டில் ரூட்டரைக் குத்துவீர்கள், நெட் வராது, கேபிள்காரரை வரச்சொல்லிச் சண்டை போடுவீர்கள். பிடுங்கும்போது கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கை அழுத்திக்கொண்டு இழுங்கள். அது உடைந்தால் கேபிள் போர்ட்டில் நிற்காது, புது கனெக்டர் போட்டு க்ரிம்ப் செய்யத்தான் (அழுத்திப் பொருத்தத்தான்) வேண்டும்.